தார்ப்பாய்க்கு அடியில் ஓர் ஆடுகளம்

மனிதர்களில் உறை பிரிக்காதவர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கார் வாங்கி வருடக்கணக்கான பிறகும் இருக்கையின் பிளாஸ்டிக்கைக் கழற்றாமல், வெயில் நாளில் முதுகைப் பிய்த்தெடுத்துக்கொண்டு இறங்குவாரே, அவர்தான். டிவி ரிமோட்டைப் பைக்குள் போட்டு, பைக்கு மேலேயே அமுக்கு அமுக்கென்று அமுக்கி, கடைசியில் டிவியைத் திட்டுவாரே, அவரேதான். பொருளை வாங்குவது அனுபவிக்க என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? பாவம் நீங்கள். வாங்குவது, அது கெட்டுப்போகாமல் காவல் காக்க.

இந்த இனத்தில் பலர் சோபாவோடு நின்றுவிடுவார்கள். நம்மவர் நிற்கவில்லை. வீட்டின் பின்புறத்தில் ஒரு பாட்மிண்டன் ஆடுகளமே போட்டுவிட்டார்.

மனைவிக்காகத்தான் போட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வருடாவருடம் கிளைகளுக்கிடையே பந்தயம் நடக்கும். போன வருடம் அவளும் கணக்குப் பிரிவுத் தோழியும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு மேசையில், மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவர்கள்கூடச் சிரித்துச் சிரித்து அவளுக்குப் பாடம் நடத்தினார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. இந்த வருடம் ஜெயித்தே தீர வேண்டும். ஆடிப் பழகத்தான் இடமில்லை. இதை ஒருநாள் வாய்தவறிக் கணவரிடம் சொல்லிவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அந்த ஊர்க் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பு, ஜாடிக்குள் இருந்தபடியே கண்ணீர் விடும். அலமாரியில் தொங்கும் தோல் பெல்ட்டுக்கு வெள்ளை மீசை முளைக்கும். துவைத்த துணி, காய்வதா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சாயங்காலம் வேண்டாம் என்று முடிவெடுக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்த ஒரே துணிக்கொடியை அவிழ்த்தெறிந்துவிட்டுத்தான் வேலை தொடங்கியது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆட இடம் கிடைக்கிறதே.

ஒப்பந்தக்காரர் தலையாட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். சார் இன்னும் கொஞ்சம் என்றால் இன்னும் கொஞ்சம், சார் சீக்கிரம் என்றால் சீக்கிரம். காங்கிரீட் போட்டார்கள். அது தன் ஈரத்தை மூச்சாக விட்டு முடிப்பதற்குள் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். வெள்ளைக் கோடு இழுத்தார்கள், கம்பம் நட்டு வலை கட்டினார்கள். கடைசிக் கோட்டின் பளபளப்பைப் பார்த்ததும் நம்மவர் நெஞ்சில் அந்தப் பழைய பயம் எழுந்தது. இதை யாராவது மிதித்துவிட்டால்?

மறுநாளே தார்ப்பாய் வந்துவிட்டது. காற்றிலுள்ள ஈரம் களத்தில் இறங்கிவிடக் கூடாதாம். ஒரு மூலை விடாமல் இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார்.

அன்று சாயங்காலம் மனைவி மட்டையோடு வந்து நின்றாள்.

"ஆடலாமாங்க?"

"ஈரம் இருக்கும்மா."

"எங்க இருக்கு?"

"அடியில."

"எப்பத்தான் காயும்?"

"காத்துல ஈரம் குறையட்டும், பார்ப்போம்."

காற்றில் ஈரம் குறைய வேண்டுமென்றால் அந்த ஊரையே பெயர்த்துக் கொண்டுபோய் வேறெங்காவது வைக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தக்காரர் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் களத்தில் நடந்ததெல்லாம் தரிசனம்தான். வந்த விருந்தாளியை உட்காரக்கூட விடாமல் பின்பக்கம் அழைத்துப்போவார். தொட்டிலில் தூங்கும் பிள்ளையைக் காட்டுவதுபோல் தார்ப்பாயின் ஒரு மூலையை மட்டும் தூக்குவார். விருந்தாளி குனிந்து, கொஞ்சம் பச்சையைப் பார்த்து, "பிரமாதம்" என்பார். மூலை இறங்கிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருப்பார், அது வேறு.

மனைவியும் தோழியும் வாசல் தெருவில் சாக்பீஸால் கோடு கிழித்து ஆடினார்கள். வண்டி வந்தால் ஒதுங்கினார்கள், மழை வந்தால் நனைந்தார்கள். சொந்தமாக ஆடுகளம் வைத்திருப்பவர் கேட்டில் சாய்ந்துகொண்டு, மணிக்கட்டு மணிக்கட்டு என்று யோசனை சொன்னார். தோழிக்குப் பொறுக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கிரவுண்டைக் கட்டினாரா, இல்ல கிரவுண்டுக்கு ஒரு சமாதி கட்டினாரா?"

பந்தயத்துக்கு முந்தின நாள் மனைவி எதுவும் கேட்கவில்லை. போய்ச் செங்கற்களை எடுத்து ஓரமாகப் போட்டாள். "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே ஓடிவந்தார் கணவர். தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பு.

முதலில் வந்தது நாற்றம். காங்கிரீட் இத்தனை நாளும் விட்ட மூச்செல்லாம் வெளியேற வழியில்லாமல், தார்ப்பாய்க்கும் தரைக்கும் நடுவே நின்று புழுங்கியிருந்தது. பெயிண்ட் அம்மை வார்த்ததுபோல் கொப்பளித்துக் கிடந்தது. அதன் பச்சைக்கு மேல் இன்னொரு பச்சை, வழவழவென்று, உயிருள்ள பச்சை. வெள்ளைக் கோடுகள் மட்டும் காணோம். அவை தார்ப்பாயோடு ஒட்டி, அதன் அடிப்பக்கத்தில் பத்திரமாக இருந்தன.

கணவர் குனிந்து ஒரு கொப்புளத்தை விரலால் தடவினார். இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லவேளை, மூடி வச்சோம்" என்றார். "மூடலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

அவள் மட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். ஒரு காலை அந்தப் பாசியில் வைத்திருந்தால் மறுநாள் ஆடக் கால் இருந்திருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவளும் தோழியும் ஜெயித்தார்கள். வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய கால்களுக்கு எதிராளியின் பந்து ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வேர்த்து வழிய, கோப்பையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். கணவர் முகமெல்லாம் பூரிப்பாக அதை வாங்கினார், விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மேசையில் வைத்துவிட்டு அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தார். என்ன தேடினார் என்கிறீர்கள்? பிளாஸ்டிக் பை.

அலமாரி முழுக்கப் புரட்டி, ஒருவழியாகப் பையோடு அவர் திரும்பியபோது கோப்பை மேசையில் இல்லை. பின்பக்கம் ஓடினார். வலைக்கம்பங்களுக்கு நடுவே, வலை இருந்த இடத்தில் பழைய துணிக்கொடி ஏறியிருந்தது. அதில் அவளுடைய ஈரப் பனியன் தொங்கியது. பின்வாசல் படியில் உட்கார்ந்து, அந்தக் கோப்பையில் டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"ஐயோ, கறை பிடிச்சிடும்மா."

"பிடிக்கட்டும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கைபேசியை வாங்கியபோது கூடவே ஒட்டி வந்த மெல்லிய தாள், ஓரமெல்லாம் குமிழி விட்டு, அழுக்கேறி, இன்னும் அதன்மேலேயே இருக்கிறதே, அது இருக்கட்டும். நல்ல நாளைக்கென்று மடித்து வைத்த சட்டை, அந்த நல்ல நாள் வருவதற்குள் தொப்பைக்கு மேல் பொத்தான் போட மறுத்ததே, அதுவும் போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டுத்தானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?