தவிட்டுக்கு வாங்கியவளின் பிறப்புப் பத்திரம்

ராயபுரம்,
1954

பழவேற்காட்டில் இருக்கும் அஜீசுன்னிசா பெரியம்மாவுக்கு, முன்பு இங்கே ராயபுரத்தில் உங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த குணசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது.

பிறந்தேன்தான். அதில் சந்தேகமில்லை. யாருக்கு என்பதில்தான் இப்போது சிக்கல். உங்கள் முழங்கால் வலியையும் கமாலுதீன் பெரியப்பாவின் கயிற்று வியாபாரத்தையும் முதலில் விசாரித்திருக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்திருக்கிறது. பி.ஏ. மட்டும் போதாது, பிறப்புப் பத்திரமும் வேண்டுமாம். அதில் உள்ள பெற்றோர் பெயரும் என் மனுவில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வரும் திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

நகல் கேட்டு கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா சுப்புராயன் பழைய பதிவைப் புரட்டினார். எங்கள் தெரு. நான் பிறந்த நாள். ஒரே ஒரு பெண் குழந்தை. தாய் அஜீசுன்னிசா. தகப்பன் கமாலுதீன்.

"இது நீயாம்மா?" என்றார்.

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"உனுக்கு முன்னாடி ரெண்டும் தங்கல. அதான் நீ பொறந்ததும் அஜீசு கையில குட்த்துட்டு, ஒரு மொறம் தவுடு குட்த்து அவகிட்டேர்ந்து வாங்கிக்கினேன். எமன் வந்து கேட்டா எம் புள்ள இல்லன்னு சொல்லணும்ல?"

"எமன் வந்தானா?"

"கார்ப்பரேசன் ஆளு வந்தான், பொறப்பு எய்த. வந்தவன் யாருன்னு எனுக்கு இன்னாடி தெரியும்? எல்லார்கிட்டயும் ஒரே பேச்சா பேசணும்."

நீங்களும் ஒரே பேச்சாகப் பேசியிருக்கிறீர்கள், பெரியம்மா. பெற்றேன், விற்றேன் என்று.

அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மறுநாள் அம்மாவை ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

"ஏம்மா பச்சையம்மா, இந்தப் பொண்ண நீ பெத்தியா?"

"வாங்கினேன்."

"வாங்கறதுக்கு இன்னா கத்திரிக்காயா? பெத்தியா, இல்லியா?"

"தவுட்டுக்கு வாங்கினேன் நைனா. வோணும்னா அஜீச கேளு."

"நீ பெத்தேன்னு சொல்லு, திருத்திடறேன். இல்லியா, கீறத கீறபடி நகல் எடுத்துத் தரேன்."

அம்மா கூரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். தன் முந்தானையால் என் தலையை மூடினாள்.

"கிட்ட வா நைனா. காதுல சொல்றேன்."

"காதுல சொன்னா செல்லாது. நாலு பேர் கேக்கச் சொல்லணும்."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

யோசித்துப் பார்க்கிறேன். யாரிடமும் அம்மா என்னை 'எம் பொண்ணு' என்று சொன்னதில்லை. 'இந்தப் பொண்ணு'தான். பிரியம் குறைவு என்று நினைத்திருந்தேன். பதிவில் இருக்கும் அந்தப் பெண்ணையும் நினைக்கிறேன். உங்கள் மகள். அவளுக்கு எதைக் கண்டு பயம்? மழை நாளில் அவள் என்ன சாப்பிடுவாள்?

நிற்க. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, என்னைப் பெறவில்லை என்று சுப்புராயன் முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை. பெரியப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் துஆவில் எனக்கும் கொஞ்சம் இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
குணசுந்தரி

பி.கு.: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ பெக்கலன்னா, அப்ப பெத்தவ யாருன்னு கேப்பான்ல?" என்றாள். அவள் சொன்னது சுப்புராயனை அல்ல. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆகவே நீங்கள் வர வேண்டாம். யார் வந்து கேட்டாலும் நான் உங்கள் மகள்தான். கம்பெனிக்குப் போய் என் மனுவைத் திரும்ப வாங்கினேன். தாய் தகப்பன் பெயர்களை அடித்துவிட்டு உங்கள் இருவர் பெயரையும் எழுதினேன். கீழே, வளர்ப்புத் தாய் பச்சையம்மா. பிறகு சுப்புராயனிடம், இருப்பதை இருக்கிறபடி நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பெஞ்சியில் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.