கன்னடத்தில் கொட்டிய கவலை

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஆன்லைன்ல கவுன்சிலர்கிட்ட பேசணும்.

ஓசூர்ல ஒரு கம்பெனியில நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எனக்குக் கீழ இருக்கிறவங்ககிட்ட சிங்கம். மேனேஜர் நம்பர் போன்ல வந்தா மட்டும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கை வேர்த்துடும். தூக்கமும் போச்சு. டாக்டர்கிட்ட போனேன். "இதயம் நல்லாத்தான் இருக்கு, யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க"ன்னார்.

கம்பெனி ஆப்ல கவுன்சிலிங் இலவசமாம். இலவசம்னா விடுவேனா?

அதுவும் அவசரம். மறுநாள் காவேரிப்பட்டினத்துல மச்சினி குழந்தைக்குக் காதுகுத்து. ஞாயித்துக்கிழமை ஆனா மேனேஜர் கூப்பிடுவார், நான் ஓடுவேன். ஒரு விசேஷத்துக்கும் போனதில்ல.

"இந்தத் தடவையும் 'சரிங்க சார்'னு ஓடுனீங்க, நான் எங்கம்மா வீட்லயே இருந்துக்குவேன்"ன்னு என் பொண்டாட்டி செல்வி சொல்லிட்டா. அவ சொன்னா செய்யிற ஆளு. எனக்கு நெஜமாவே பயம்.

சரி, எங்க உக்காந்து பேசறது? நாங்க இருக்கிறது லைன் வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா வெங்காயம் நறுக்கினா எனக்குக் கண்ணு எரியும்.

அப்பத்தான் என் மூளை வேலை செஞ்சுது. ஆப்ல எந்த மொழி வேணும்னு கேட்டான். நான் தர்மபுரிக்காரன்னாலும் பெங்களூர் லேத்து பட்டறையில கன்னடம் கத்துக்கிட்டவன். செல்விக்குக் கன்னடம் தெரியாது. கன்னடத்தையே அமுக்கினேன்.

ஓசூர்லருந்து டவுன் பஸ் ஏறினாலே கர்நாடகா வந்துடும். அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துகிட்டு, கன்னடத்தை ரகசிய பாஷைன்னு நெனச்ச ஒரே அறிவாளி நான்தான்!

செல்விகிட்ட "ஆபீஸ் மீட்டிங்"னு சொல்லி வெளிய அனுப்பினேன். எங்க? மும்தாஜ் அக்கா வீட்டுக்கு.

கவுன்சிலர் மேடம் குரல் அவ்வளவு சாந்தம். "சொல்லுங்க குமார், கோபத்தை எங்க காட்டுறீங்க?"

கொட்டிட்டேன். "மேனேஜர்கிட்ட காட்ட தைரியமில்ல மேடம். வீட்ல வந்து சாம்பார்ல உப்பில்லன்னு கத்துவேன். உப்பு சரியாத்தான் இருக்கும்."

என்னைப் பார்த்து எனக்கே வெக்கமா இருந்துச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு கேட்டுச்சு. டிவின்னு நெனச்சேன்.

மேடம் ஒரு பயிற்சி குடுத்தாங்க. "மேனேஜர் எதிர்ல நிக்கிறதா நெனச்சுக்கோங்க. 'ஞாயித்துக்கிழமை என் குடும்பத்துக்கு, வர முடியாது'ன்னு சத்தமா சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னும் சத்தமா!"

கத்தினேன்.

சுவருக்கு மேல இருந்து ஒரு குரல் வந்துச்சு: "தம்பி, பத்தாது! கெஞ்சுற மாதிரியே இருக்கு!"

மும்தாஜ் அக்கா!

"அக்கா... உங்களுக்குக் கன்னடம்..."

"நான் பொறந்ததே கர்நாடகாவுல, ஆனேக்கல்ல தம்பி. நீ ஆரம்பிச்சதுலருந்து செல்விக்கு ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லிட்டு வரேன். உன் வேகத்துக்கு எனக்குத்தான் மூச்சு வாங்குது."

அடுத்தது செல்வி குரல். "அப்ப உப்பு சரியாத்தான் இருந்துச்சா?"

மேடம் குழம்பிட்டாங்க. "குமார், நீங்க தனியா இருக்கீங்கதானே?"

அதுக்குள்ள ஸ்கிரீன்ல இன்னொரு கால் வந்துச்சு. மேனேஜர்.

நெஞ்சு படபட. எடுத்தேன். கன்னடக்கார மனுஷன், ஸ்பீக்கர்ல கணீர்னு ஆரம்பிச்சார். "குமார், நாளைக்கு ஆடிட்டுக்கு எல்லாம் ரெடி பண்ணணும். காலையில வந்துடு."

அந்தப் பயிற்சி, அந்தக் கத்தல் எல்லாம் எங்க போச்சோ! வாயிலருந்து அழகா வந்துச்சு, "சரிங்க சா..."

'ர்' சொல்றதுக்குள்ள போன் கையில இல்ல. மும்தாஜ் அக்கா உள்ள வந்து புடுங்கிட்டாங்க. பின்னால செல்வி, கையில பாதி உரிச்ச பூண்டோட நிக்கிறா.

அக்கா கன்னடத்துல ஆரம்பிச்சாங்க பாருங்க! "உங்க வீட்ல காதுகுத்து வெச்சா நீங்க கம்பெனியில உக்காந்திருப்பீங்களா? இவன் பொண்டாட்டி பொட்டி கட்டிட்டா. நாளைக்கு அவ போயிட்டா இவனுக்குச் சோறு நீங்க போடுவீங்களா? உங்க பேச்சு எங்க ஆனேக்கல் பேச்சு மாதிரியே இருக்கு, அங்க உங்களுக்கு யாரும் இதெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?"

மேனேஜருக்கும் ஆனேக்கல்தான் போல. அந்தப் பக்கத்துலருந்து மெல்ல, "சரிங்க அக்கா."

சரிங்க அக்காவாம்! அந்த வாயிலருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்ல.

காதுகுத்துக்குப் போனேன். செல்வி பக்கத்துல உக்காந்து, வாயை மூடிக்கிட்டு, பரிமாறின சாம்பாரைச் சாப்பிட்டேன். நெஜமாவே உப்பு இல்ல. சொல்லலை.

இப்பல்லாம் மேனேஜர் போன் பண்ணினா முதல்ல கேக்கிறது, "அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

இத்தனை கவுன்சிலிங்குக்கு அப்புறம் நான் தைரியமா சொல்லக் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "இருக்காங்க சார்."