வெயில் சாமியாரின் பாதித் தலை

நீச்சல் குளத்து வாசலில் அன்றைக்கு நிற்க இடமில்லை. உள்ளே குளித்தவர்களைவிட வெளியே கும்பிட்டவர்கள் அதிகம். காரணம், வெயில் சாமியார். சூரியன் அவர் சொன்ன பேச்சைக் கேட்பானாம்! அவர் மந்திரித்த தண்ணீரைக் குழந்தை மேல் தெளித்துவிட்டால் கோடை முழுக்க வெயில் சுடாதாம். அப்படிப்பட்டவர் எதற்காகக் குடைக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மூளையை வீட்டில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

வரிசையில் ஒரு தையல்காரி, ஐந்து வயது மகளோடு நின்றாள். போன வாரம் இதே தண்ணீரைத் தெளித்துத்தான் மகளை நீந்த அனுப்பினாள். குழந்தையின் தோள் சிவந்து கொப்பளித்துப் போயிற்று. இன்றைக்கும் அதே குளம், அதே வெயில்.

"பக்தி பத்தல. இந்தத் தடவை ரெண்டு பாட்டில் தெளி" என்றார் சாமியார்.

"எரியும்மா... வேணாம்மா" என்று குழந்தை அழுதது. பாவி மனசு, அப்போதும் அவள் பர்சைத் திறந்தாள்.

கையைப் பிடித்து நிறுத்தியவள் அவள் தங்கை. மருந்துக் கடையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

"பர்ஸ மூடுக்கா. சாமி, உங்க வழுக்கைல ஒரு பாதிக்கு உங்க தண்ணி, மறு பாதிக்கு என் சன்ஸ்கிரீன். கால் மணி நேரம் கழிச்சு வெயில்ல உட்காருங்க. சாயங்காலம் பாப்போம்."

"நமக்கு எதுக்கும்மா இந்த விளையாட்டு?" சாமியார் நெளிந்தார்.

விட்டார்களா பக்தர்கள்? "எங்க சாமியையா சந்தேகப்படறே? சாமி, நீங்க உட்காருங்க சாமி!" பாதித் தலைக்குத் தண்ணீர், பாதிக்குக் கிரீம்; கால் மணி நேரம் ஆனதும் குடையை மடக்கினார்கள். நாற்காலியோடு தூக்கி நடு வெயிலில் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் சுற்றி நின்று பஜனை வேறு!

சாயங்காலம் சாமியார் தலைப்பாகையோடு வந்தார்.

"அருள் இறங்கியிருக்கு. கழட்டக் கூடாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் குழந்தை தலைப்பாகையை எட்டி இழுத்துவிட்டது. கிரீம் பூசிய பாதி பழைய வழுக்கையாகவே மின்னியது. தண்ணீர் தெளித்த பாதி தக்காளியாகப் பழுத்திருந்தது.

"ஐயோ, எரியுதே! அது குழாய்த் தண்ணிதான்யா, ஆள விடுங்கய்யா!" என்று அலறிக்கொண்டு ஓடினார்.

கூட்டத்துக்குப் புத்தி வந்ததா? அடுத்த நிமிஷமே தங்கையின் காலில் விழுந்தது. "நீங்கதாம்மா தெய்வம்!"

"அட, எழுந்திருங்க! ஆறு மாசம் ஆகாத குழந்தைய வெயில்லயே காட்டாதீங்க. பெரிய பிள்ளைங்களுக்கு சன்ஸ்கிரீன் வாங்கும்போது, எஸ்பிஎஃப்னு போட்டிருக்கற எண் முப்பதுக்குக் குறையாம, யுவிஏ, யுவிபி ரெண்டு வெயில் கதிரையும் தடுக்கறதா பாத்து வாங்குங்க. காது, கழுத்து எதையும் விடாம தாராளமா தடவுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தடவணும், தண்ணிய விட்டு ஏறினதும் தடவணும். தொப்பியும் போடுங்க. உச்சி வெயில்ல குளமே வேணாம்."

அக்கா பையைத் துழாவிப் பழைய சன்ஸ்கிரீன் பாட்டில் ஒன்றை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "பாப்பா பட்ட பாட்டுக்கு நான்தான்டி காரணம். இத உன் கையால தொட்டுக் குடு."

தங்கை திருப்பிப் பார்த்தாள். "காலாவதியாகி மூணு வருஷம் ஆச்சுக்கா! நான் தொட்டா தேதி மாறிடுமா?"

ஐயா, அம்மா! கும்பிட இரண்டு கை வேண்டும். பாட்டிலைத் திருப்பிப் படிக்க ஒரு கை போதுமே!