வாலில் ஒரு கேள்வி

இந்த வருஷம் புத்தாண்டு விருந்துக்கு மாமியார் வீட்டில் கரண்டி பிடிப்பதில்லை என்று ஜிங்வென் சபதம் எடுத்தது, பட்டப்பகலில், வகுப்பின் நடுவே.

செங்து நகரில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சீனமொழி சொல்லித்தருவது அவர் வேலை. அன்றைய பாடம், வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் கேள்வி.

"'சரியா, சரியில்லையா'ன்னு முடிச்சா, ரெண்டுல எதை வேணும்னாலும் பதிலாச் சொல்லலாம்."

கஜகஸ்தானிலிருந்து வந்த சவுலே என்ற மாணவி எழுந்தாள். "வீட்ல நீங்க ரெண்டாவது பதிலை எத்தனை தடவை சார் சொல்லியிருக்கீங்க?"

வகுப்பு சிரித்தது. ஜிங்வென்னுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. மனைவி யான்ரோங் எதைச் சொன்னாலும் அந்த வாலோடுதான் சொல்வாள். இவர் வாய் 'சரி' என்று முந்திக்கொள்ளும். இப்படியே பதினோரு புத்தாண்டும் மாமியார் அடுப்படியில் மீனோடு மல்லுக்கட்டிக் கழிந்துவிட்டது. அந்த ஊரில் ஆம்பிளை சமைப்பது சகஜம்தான். ஆனாலும் லேஷானில் இருக்கும் அம்மா வீட்டில், பிள்ளையாய்ச் சும்மா உட்கார்ந்து, அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட அவர் ஏங்கிப்போயிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், யான்ரோங் பால்கனியில் பன்றி உப்புக்கண்டத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் அம்மா வீட்டுக்கு. விருந்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பிடலாம். சரியா, சரியில்லையா?"

"சரி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "...யில்லை."

அவள் கை அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்னே?"

"சரியில்லைன்னேன். இந்தத் தடவை எங்கம்மா வீடு."

"அவ்வளவுதானே? போவோம்."

"நெஜமாவா?"

"பின்னே, உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்? அத்தைக்கு நானே போன் பண்றேன். நீ போய்ப் பெட்டியை எடுத்து வை வாத்தியாரே."

மறுநாள் வகுப்புக்கு அவர் கால் தரையில் படாமல் போனார்.

லேஷானில் அம்மா வீட்டுக் கதவைத் திறந்தது மாமியார்.

"வாங்க மாப்பிள்ளை. யான்ரோங் வரச் சொன்னா. நான் நேத்தே வந்துட்டேன்."

கூடத்தில், நாலு பேர் காய் வைத்து ஆடும் மாஜோங் மேசை. அம்மாவும் தங்கையும் காய்களைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் மூன்றாவது நாற்காலிக்குத் திரும்பினார். நான்காவதில் யான்ரோங் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"ஆட்டத்துக்கு ஆள் சேராம எத்தனை வருஷம்டா," என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவர் பார்த்து வெகுகாலமாயிற்று. மனசு குளிர்ந்துபோனது.

"அம்மா, பசிக்குது."

"எனக்கும்தான். உன் மீனைப் பத்தி சம்பந்தியம்மா நேத்திலேர்ந்து ஒரே புகழ்ச்சி. பெத்தவளுக்கு மட்டும் இத்தனை வருஷமாக் கொடுத்து வைக்கலையே."

யான்ரோங் ஒரு கையால் பெட்டியைத் திறந்தாள். எல்லாத் துணிக்கும் மேலே, மடிப்புக் கலையாமல், அவருடைய ஏப்ரன் இருந்தது.

அம்மா காய்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மிளகாயைக் கொஞ்சம் தூக்கலாப் போடு. சரியா, சரியில்லையா?"

"சரிம்மா," என்றார் இலக்கண வாத்தியார், ஏப்ரன் நாடாவை முடிந்துகொண்டே.