அறுபது வாட்ஸ் பல்பின் கீழே கோகா

எனக்குப் பிறக்காத ஒரு பிள்ளையால் என் கல்யாணம் நின்றுபோக இருந்தது. பிறந்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். பிறக்காததற்கு என்ன சமாதானம் சொல்வது?

தொண்ணூறுகளின் கடைசி. திருநெல்வேலியிலிருந்து வங்கி வேலைக்காகக் கல்கத்தா வந்து, ஜாதவ்பூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா, மாசிமா. (கல்கத்தாவில் அம்மா வயதுப் பெண்கள் எல்லாருமே மாசிமாதான்.) அறையைப் பிடித்துக் கொடுத்தவர் கரியாஹாட் பக்கம் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர். அறை பார்த்துக் கொடுத்த கையோடு தன் மகள் செண்பகத்தையும் எனக்குப் பேசி முடித்துவிட்டார். தை மாதம் கல்யாணம். செண்பகம் தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தை என்ற மாதத்தையே யாராவது ரத்து செய்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் என் மேலதிகாரி தேபுதா, மனைவியோடு ராஜஸ்தான் சுற்றுலா கிளம்பினார். (வங்காளிக்கு லீவு கிடைத்தால் முதலில் பெட்டியைக் கட்டுவான், அப்புறம்தான் எந்த ஊர் என்று யோசிப்பான்.) போகும்போது, "கோகாவை உன்கிட்ட விட்டுட்டுப் போறேன். குளிர்ல கவனமா பார்த்துக்கோ" என்றார்.

கோகா என்றால் வங்காளத்தில் 'குட்டிப் பையன்'. அங்கே எல்லாருக்கும் வெளியே ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு செல்லப்பெயர். தேபுதா வீட்டில் ஆமைக்கும் செல்லப்பெயர் இருந்தது. அவர் மனைவி தன்னை 'கோகாவின் அம்மா' என்றே சொல்லிக்கொள்வார்.

ஆம், ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட, உள்ளங்கை அகல ஆமை. எங்கள் பக்கத்தில் ஆமை வீட்டுக்குள் வந்தால் அந்தக் குடும்பமே விளங்காது என்பார்கள். என் வருங்கால மாமியாரோ வெள்ளிக்கிழமை நகம் வெட்டியவனோடு சனிக்கிழமை வரை பேசாத மனுஷி. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அறையில் ஆமை என்று தெரிந்தால் அவ்வளவுதான். ஆனால் என் கல்யாண லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் தேபுதா. "ஓ, தாராளமா விட்டுட்டுப் போங்க" என்றேன்.

தேபுதா சொன்ன ஏற்பாடு இதுதான்: நல்ல அகலமான தொட்டி, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் செங்கல். செங்கல்லுக்கு நேர் மேலே சூட்டுக்கு ஒரு பல்பு. ஓடு கெட்டிப்பட, அவர் மைத்துனன் கப்பலில் கொண்டுவந்த நீலக் குழல் விளக்கு ஒன்று. ஆமைக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது, வெளியிலிருந்துதான் வர வேண்டுமாம்.

கரியாஹாட்டில் தேடியதில் அகலமான தொட்டி என்று கிடைத்தது பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக் டப்புதான். வாங்கித் தோளில் சுமந்து வந்தேன். அறுபது வாட்ஸ் போதும் என்று தேபுதா சொல்லியிருந்தார். நமக்குத்தான் எதையும் தாராளமாகச் செய்து பழக்கமாயிற்றே! இருநூறு வாட்ஸ் மாட்டினேன், அதுவும் தொட்டி முழுக்க அடிக்கிற மாதிரி. கோகா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டான். அவனைச் செங்கல்மேல் ஏற்றிவிட்டேன். மறுபடி குதித்தான். தெறித்த தண்ணீர் பட்டுப் பல்பு 'டப்' என்று வெடித்து, மாடியே இருண்டுவிட்டது.

வெயிலும் வேண்டும், ஓடி ஒளிய நிழலும் வேண்டும் என்கிற சின்ன விஷயம் அப்புறம்தான் மண்டையில் ஏறியது. அறுபது வாட்ஸ் வாங்கி, தகர டப்பாவை வெட்டி மூடி செய்து, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், செங்கல் பக்கம் மட்டும் கட்டினேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பாதரசம் அசையவே இல்லை. கோகாவுக்குக் காய்ச்சல் இல்லை என்பது மட்டும் உறுதியாயிற்று. கரண்ட் போனால் இருக்கட்டும் என்று ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றும் வாங்கி வைத்தேன்.

பிள்ளைக் குளியல் டப், தெர்மாமீட்டர், வெந்நீர்ப் பை. படியேறிப்போன ஒவ்வொன்றையும் கீழே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த மாசிமா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

போன் அவர் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் ஜெய்சால்மரிலிருந்து தேபுதா கூப்பிட்டார். லைனில் ஒரே இரைச்சல். என் வங்காளத்தில் இலக்கணம் இருக்காது, சத்தம் இருக்கும். கத்தினேன்.

"கோகா நல்லா இருக்கான்! லைட்டுக்குக் கீழேயே படுத்திருக்கான்! காய்ச்சல் இல்ல, தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன்! என்னது, அவன் அம்மா அழுறாங்களா? அழ வேண்டாம்னு சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்! ஒருத்தருக்கும் தெரியாது! என் கல்யாணம் முடியற வரைக்கும் தெரியவும் கூடாது!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாசிமாவின் பின்னல் ஊசி அந்தரத்தில் நின்றது. தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். (இப்படி ஒரு புத்திசாலியைத்தான் வங்கி, அதிகாரி என்று உட்கார வைத்திருந்தது.)

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினார்கள். திறந்தால் மாமா, அத்தை, செண்பகம், மாசிமா நால்வரும் வரிசையாக நிற்கிறார்கள். கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டேன்.

"மாப்ளே, உள்ள யாரு?" என்றார் மாமா.

"யாருமில்ல மாமா."

உள்ளே 'தொபுக்' என்று சத்தம்.

"மறைக்காதீய. கோகான்னு ஒரு பிள்ள இருக்காம்லா? மாசிமா எல்லாம் சொல்லிட்டா."

மாசிமா என்னை முறைத்தார். ஆனால் கையில் மஞ்சள் கம்பளியில் பின்னிய குட்டிக் குல்லா ஒன்று. தகப்பன் அயோக்கியன் என்றாலும் பிள்ளைக்குச் சளி பிடித்துவிடக் கூடாதல்லவா?

பிள்ளை என்றால் கல்யாணம் நிற்கும். ஆமை என்றாலும் நிற்கும். செண்பகத்தைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

"ஒரே பேச்சு. உள்ள இருக்கது உங்க பிள்ளையா?" என்றார் மாமா.

உண்மையைச் சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன். "ஆமை" என்றேன். தொண்டை வறண்டு கடைசி எழுத்து காற்றாகப் போய்விட்டது.

"ஆமாங்கானே! வாய் கூசாம ஆமாங்கானே!" என்று அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆமா இல்ல அத்தை, ஆமை!"

"ஆமாவா இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!" என்று மாமா கத்தினார்.

"ஆமா மாமா, ஆமைதான்!" என்று அழாத குறையாகச் சொல்லிக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

அறுபது வாட்ஸ் வெளிச்சத்தில், செங்கல்மேல் நான்கு காலையும் பரப்பி, கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிப் படுத்திருந்தான் கோகா. கவலையே இல்லாத முகம்.

"ஓ மா! கொச்சோப்!" என்றார் மாசிமா. அவர் மொழியில் ஆமை. குல்லாவையும் ஆமையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, கல்யாணம் வச்சிருக்க நேரத்துல ஆமையா! இதுக்குப் பிள்ளையா இருந்தாக்கூடப் பரவால்லியே!" என்று முன்னைவிடப் பெரிதாக அழ ஆரம்பித்தாள். மாமா நெற்றியைத் தேய்த்தார். "தேதியத் தள்ளித்தான் வைக்கணும் போலுக்கு" என்று முனகினார்.

அப்போதுதான் செண்பகம் பேசினாள். "ஏம்மா, இது இவங்க வீடா? வாடகை அறைதானே? ஆமை வந்தது மாசிமா வீட்டுக்குல்லா? விளங்காமப் போனா அவங்கல்லா போகணும்?"

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. வங்கியில் எத்தனையோ சட்ட ஆலோசகர்களைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒரு பாயிண்டை ஒருவரும் எடுத்ததில்லை.

"மேயே கீ போல்ச்சே?" பெண் என்ன சொல்கிறாள் என்று மாசிமா ஆவலாகக் கேட்டார்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வங்காளத்தில் சொன்னார்: "உங்க வீடு ரொம்ப ராசியான வீடுன்னு சொல்றா."

மாசிமா மனம் குளிர்ந்து எல்லாருக்கும் டீ போடப் போனார். செண்பகம் சிரிக்க ஆரம்பித்தாள். டீ வந்து, குடித்து முடித்து, கிளம்பும் வரை சிரித்தாள். தை மாதம், குறித்த முகூர்த்தத்தில் தாலி கட்டினேன்.

எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ், "முதல் குழந்தையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "பொண்ணுக்கு முதல். மாப்பிள்ளைக்கு ரெண்டாவது." அதன்பிறகு அந்த நர்ஸ் குழந்தையை என் கையில் தரவே இல்லை.

வங்காளத்தில் தீபாவளி முடிந்ததும் பாய் ஃபோட்டா வரும். அன்று தங்கை அண்ணன் நெற்றியில் சந்தனம் வைப்பாள். ஐந்து வயதில் என் மகள், பள்ளியில் எல்லாருக்கும் அண்ணன் இருக்கிறான், எனக்கு மட்டும் இல்லை என்று அழுதாள். "யாருட்டி சொன்னது? உனக்கும் இருக்கான்" என்று அத்தைதான் சந்தனக் கிண்ணத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு தேபுதா வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனாள். வருஷா வருஷம் போகிறார்கள். கோகா இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலம் ஆகிவிட்டான். பல்புக்குக் கீழே படுத்திருப்பவன் இவர்களைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொள்வான். மகள் விரலில் சந்தனத்தோடு விழித்துக்கொண்டு நிற்பாள்.

"நெத்திய உள்ள இழுத்துக்கிட்டா ஓட்டுலயே வச்சிருட்டி" என்பாள் அத்தை. "நம்ம வீட்டு மூத்த பிள்ளைல்லா."