ஆறு குழாய் மண்ணும் அத்தைக்கு ஒரு வாக்குறுதியும்

திருத்தங்கல்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய பிரபாகரன் மாமாவுக்கும் பொன்மணி அத்தைக்கும், மாரிசெல்வி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா, அப்பா, நான், இந்த வாரம் பெய்த மழை அனைவரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், அத்தையின் முதுகுவலி எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய விரும்புகிறேன். அப்பா லோடு லாரியோடு மதுரைக்கு வருவதால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அம்மாவின் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த பெட்டியும் கூட வருகிறது. என் எழுத்து பொடியாக இருப்பதாக அத்தை சொல்வார்கள். அதனால் மாமா, தயவுசெய்து அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் காலாண்டு விடுமுறையின்போது பள்ளி மாணவர்களுக்கு மண்ணுயிர்ப் பயிற்சி நடக்கிறது. மண்ணுக்குள் வாழும் பூச்சி, புழு, பூஞ்சைகளை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பாற்றுவது என்று வருங்கால ஆய்வாளர்களுக்குச் சொல்லித்தருவார்கள். என்னையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் தங்க இடம் தரமாட்டார்கள். "மாமா வீட்டுல சரின்னா போ, இல்லைன்னா பொஸ்தகத்த மூடிட்டு இங்கன கெட" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே என் படிப்பு இப்போது உங்கள் வாசலில் நிற்கிறது. அத்தைக்குப் பூச்சி என்றாலே ஆகாது என்பதும், ஒரு பல்லிக்காகப் பக்கத்து வீட்டு அடுப்பில் போய்ச் சமைத்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனவே எழுத்துமூலமாகவே வாக்குத் தருகிறேன். என்னால் ஒரு பூச்சிகூட உங்கள் வாசற்படியைத் தாண்டாது. மண்ணெல்லாம் பேருந்திலிருந்து இறங்கியதும் நேரே கல்லூரிக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை நடந்ததை அம்மா போனில் பாதி சொல்லியிருப்பாள். முழுவதும் கேட்டால்தான் என்மேல் தப்பு குறைவு என்பது விளங்கும். பயிற்சிக்கு வருகிறவர்கள் சொந்த ஊர் மண்ணைக் குலையாமல் ஆறு உறைகளில் எடுத்துவர வேண்டும், உள்ளே இருப்பவை மூச்சுவிட வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் கூடாது, ஆறு இல்லாதவர்களுக்கு இடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் தேர்ந்தெடுத்த இடம் நாரணாபுரம் ரோட்டில், அம்மா வேலை பார்க்கும் கம்பெனியின் வேலிக்கு வெளியே உள்ள உடைமரத்தடி. பக்கத்தில்தான் கழிவுக் காகிதத்தைக் கொளுத்துவார்கள். "அந்த மண்ணுல புல்லே மொளைக்காது, அங்கன என்னத்தத் தேடப்போற" என்று அப்பா சிரித்தார். ஆனால் உதிர்ந்த இலைகளைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் அடியில் ஒரு சந்தைக்கடையே நடக்கிறது, மாமா. மழையில் மண் இளகியதும் ஓர் இரும்புக் குழாயை இறக்கி மண்ணை எடுத்துவிட்டேன். உறைக்கு எங்கே போவது? எங்கள் கட்டிலுக்கு அடியில் அம்மா பட்டாசுக்காகச் சுற்றிவைத்த வெறும் காகிதக் குழாய்கள் குவிந்து கிடக்கின்றன. உறுதியானவை, மூச்சும் விடும். ஒன்று கெட்டாலும் ஆறு மிஞ்சட்டும் என்று ஏழு குழாய்களில் மண்ணை நிரப்பினேன். இரண்டு முனைகளையும் ஈரக் களிமண்ணால் அடைத்தேன். எது மேல்பக்கம் என்று தெரிவதற்காக ஒரு முனையில் வெள்ளை நூல் செருகி, வெளியே 'மாரிசெல்வி, பதினொன்றாம் வகுப்பு. உள்ளே உயிர் உண்டு' என்று எழுதிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

மாமா, நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர். மண் அடைத்து நூல் விட்ட குழாயைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? திரி வைத்த பட்டாசு என்றுதானே? கம்பெனியிலிருந்து குழாய்களை வாங்கிப்போக வந்த சின்னத்தாய் அக்காவுக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. "ஒம்மக பொஸ்தகத்தத் தவிர எதையும் தொட மாட்டான்னியே சோலையம்மா, கை எம்புட்டு நேர்த்தி பாரு" என்றாராம். அம்மா நான் எழுதியதை வாசிக்கவில்லை. மகளுக்குத் தொழில் வந்துவிட்ட பூரிப்பில் காப்பி போட்டுக் கொடுத்து, ஏழு குழாய்களையும் அவரோடு அனுப்பிவிட்டாள். மண் அடைப்பதும் திரி வைப்பதும் கம்பெனிக்குள் மட்டுமே நடக்க வேண்டும் என்பதை இரண்டு பேருமே அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும், அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி வாசலில் கூட்டம். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டோம் என்று வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். போர்மேன் அய்யாதுரை அண்ணாச்சி வெறுங்காலோடு, முகமெல்லாம் வேர்த்து, ஒரு குழாயைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். அவர் பயந்தது குழாய்க்கு அல்ல, அதிலிருந்த என் எழுத்துக்கு.

"பதினொன்னாங் கிளாஸ்னு எழுதியிருக்கே சோலையம்மா. ஆபீசர் கண்ணுல பட்டா பள்ளிக்கூடப் பிள்ளைய வேலைக்கு வச்சிருக்கோம்னு கம்பெனியப் பூட்டிருவாகளே."

"எம்மக படிப்புக்குப் புடிச்சு வச்ச மண்ணு அண்ணாச்சி."

"மண்ணையா? ஊரு முழுக்க அதான கெடக்கு, அத எதுக்குப் பொத்திப் பொத்தி வைக்கணும்?"

நான் வெளியிலிருந்தே விளக்கம் கொடுத்தேன். நம்பாமல் அவர் குழாயைத் தண்ணீரில் நனைத்து, கேட்டுக்கு வெளியே விரித்த தினத்தாளில் மெதுவாகப் பிரித்தார். மண்ணில் வாலைத் தட்டித் துள்ளும் ஒருவகைப் பூச்சி உண்டு. வெள்ளையாக, உப்புக்கல்லைவிடச் சிறியதாக இருக்கும். அவை ஒரே நேரத்தில் துள்ளின. ஆயுள் முழுக்க வெள்ளை மருந்துப் பொடியோடு புழங்கிய மனிதர் அவர். எந்தப் பொடியும் தானாக எழுந்து குதித்து அவர் பார்த்ததில்லை.

"ஏலே, பொடி துள்ளுதுலே! மணலக் கொட்டு!"

வாட்ச்மேன் தீயணைக்கும் சிவப்பு வாளியை அப்படியே கவிழ்த்தார். எல்லோரும் தள்ளி நின்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் மணல் அசைந்து, ஒரு மரவட்டை வெளியே வந்தது. நிதானமாக நடந்து அண்ணாச்சியின் கால் பெருவிரலில் ஏறியது. அவர் காலை உதறவில்லை. "செத்த மண்ணுன்னுல்ல நெனச்சிருந்தோம்" என்று மட்டும் சொன்னார். பிறகு நான் சொன்னபடி மற்றக் குழாய்களை ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி அவரே கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளிலிருந்து குப்பை கொளுத்தும் இடத்தையும் மாற்றிவிட்டார். உடைமரத்தடிக்குக் காவலாக, கம்பெனியில் மிச்சம் கிடந்த பலகை ஒன்றை நட்டிருக்கிறார். 'அபாயம். வெடிமருந்து. நெருங்காதே.' இப்போது ஆடுகூட அந்தப் பக்கம் போவதில்லை. மாவட்டத்திலேயே பத்திரமான மண் அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் கோபம். அவமானத்துக்காக அல்ல. என் கைவேலையை நினைத்துப் பெருமைப்பட்டது வீணாய்ப் போனதற்காக. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு குழாய் போனாலும் ஆறு மிஞ்சிவிட்டது. மூட்டையைத் திறக்காமல் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்று அப்பாவிடம் சொல்லியனுப்பினால் போதும். அத்தையின் முதுகுவலி குறையவும், மாமாவுக்கு வேலையில் உயர்வு கிடைக்கவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் ஆசியை நாடும்,
மாரிசெல்வி.

பின்குறிப்பு: துணியை நனைக்க இப்போதுதான் மூட்டையைப் பிரித்தேன். ஆறில் ஒன்றில் என் எழுத்து இல்லை. அது கம்பெனியின் வெறுங்குழாய். சின்னத்தாய் அக்காவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். வியாழனன்று கம்பெனிக்குள் போனதுமே, "இது நல்லா வெயிட்டா இருக்கு, சத்தம் தூக்கும்" என்று ஒன்றை எடுத்து, லேபிள் ஒட்டி, உங்களுக்கென்று கட்டிய பெட்டியில் பிரியமாக வைத்தாராம். அண்ணாச்சி போட்ட சத்தத்தில் சொல்லப் பயந்து, எண்ணிக்கைக்கு ஒரு வெறுங்குழாயைச் சேர்த்துவிட்டாராம். பெட்டி லோடுக்கு அடியில் இருக்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மாமா, எதையும் கொளுத்தாதீர்கள். மற்றவற்றில் பச்சைத் திரி இருக்கும். வெள்ளை நூல் உள்ளது என்னுடையது. அது இல்லாவிட்டால் எனக்கு ஐந்துதான். நூல் மேலே பார்க்கும்படி, ஈரத்துணி சுற்றி, இருட்டான இடத்தில் வையுங்கள். அத்தையின் அரிசி டிரம்முக்குப் பின்னால் சரியாக இருக்கும். களிமண் காய்ந்து விரிசல் விட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம், அதில் ஒரு பூரான் உண்டு. அத்தைக்குச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருந்தேன் அல்லவா? இந்தப் பின்குறிப்புக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.