மாமனாருக்கு நான் போட்ட பத்தியம்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைத்தான் மனுஷர்கள் அடித்துப் பேசுவார்கள். நானோ பி.யூ.சி. வரை படித்தவள், கேட்கவே வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஓமலூர்ப் பக்கம் வந்த புதிது. மாமனாருக்குச் சர்க்கரை நோய். அரிசிச் சோற்றைக் குறைக்கும்படி சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். குறைப்பதென்ன, ஒழித்தே விடலாமென்று நான் சமையலறையைக் கைப்பற்றினேன். (மாமியார் சந்தோஷமாகவே விட்டுக்கொடுத்தார்.) காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, மத்தியானம் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி மறுபடியும் கஞ்சி. இனிக்காத பண்டத்தில் சர்க்கரை எங்கிருந்து வரும் என்பது என் விஞ்ஞானம்.

"கொஞ்சம் கொள்ளு கடைஞ்சு தாயேன் சாமி" என்று கேட்டுப் பார்த்தார். உடம்புக்குச் சூடு என்று மறுத்துவிட்டேன். சில நாளிலேயே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வெயில் காலம் என்றேன்.

அப்போதுதான் என் நாத்தனார் சரசுவுக்கு நிச்சயதார்த்தம். அயோத்தியாப்பட்டணத்து மாப்பிள்ளை, சரசு மிகவும் ஆசைப்பட்ட வரன். மாமனார் களைத்துத் தெரிந்தாரே, தெம்பு வரட்டுமென்று அன்று காலை சொம்பு நிறையக் கஞ்சி கொடுத்தேன். தட்டு மாற்றும் நேரத்தில் அவரைக் காணோம். கொல்லைக்கும் பந்தலுக்குமாக நடந்துகொண்டிருந்தவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். கண் சொருகி, தட்டோடு மாப்பிள்ளையின் அப்பா மடியில் சாய்ந்துவிட்டார். தேங்காய் பந்தலுக்கு வெளியே உருண்டு ஓடியது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "காலையிலயே ஊத்திக்கிட்டு வந்து உக்கார்ற ஊட்டுல எப்படிங்க பொண்ணெடுக்கறது?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, ஆட்களோடு கிளம்பிப் போனார். கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனுஷரைப் பற்றி.

மாமனாரைக் காரில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். என் பத்தியத்தைக் கேட்ட டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இனிக்குதா இல்லையான்னு நாக்குதாம்மா பாக்கும், ரத்தம் பாக்காது. எவ்வளவு வேகமாச் சர்க்கரையா மாறுதுங்கறதுதான் விஷயம். ஜவ்வரிசி காலி லாரி மாதிரி, ஒரே மூச்சுல மலையேறிடும். கொள்ளு லோடு லாரி, மெதுவாத்தான் ஏறும்."

மாமனார் பிழைத்துக்கொண்டார். சம்பந்தம் பிழைக்கவில்லை. என் கணவர் போய் விளக்குவதற்குள் அந்தப் பையனுக்கு வேறிடத்தில் பேசி முடித்திருந்தார்கள். அன்று என்ன ஆயிற்று என்று ஊரில் யார் கேட்டாலும் மாமனார் மயக்கம் என்றதோடு நிறுத்திக்கொண்டார். கடைசிவரை என் பெயரை எடுக்கவில்லை. குடிகாரன் என்ற பேச்சையும் தாங்கிக்கொண்டார்.

சரசு நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இப்போது அவளுக்கும் சர்க்கரை. போன் செய்து, "அண்ணி, எதைச் சாப்பிடலாமுங்க?" என்பாள். சொல்வேன். "சரிங்க அண்ணி, அப்ப அதை மட்டும் உட்டுடறேன்" என்பாள். இரண்டு வீட்டிலும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், போனை வைக்கும்வரை.